கொலைகாரனுக்குப் பீத்தோவன் போதும்

ஒருவன் கதவைத் திறக்கிறான். ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். தண்ணீர் குடிக்கிறான், அதற்கும் ‘டொய்ங்’. சட்டைப் பொத்தானைப் போடுகிறான். இம்முறை ‘டொய்ங்’ எதிரொலியோடு வருகிறது.

நம் கொட்டகலைப் பிள்ளைகள் சிலர், உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கிறவர்கள், தாங்களே எழுதி, தாங்களே நடித்து, கைத்தொலைபேசியிலேயே எடுத்து முடித்த ஒரு குற்றப் படத்தைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார்கள். கதையிலும் நடிப்பிலும் வயதுக்கு மீறிய சாமர்த்தியத்தைக் கண்டு உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்த என்னை, ஆரம்பம் முதல் அந்தம் வரை ஒரு கணமும் மூச்சு விடாமல் முழங்கிய பின்னணிச் சங்கீதம் படுத்திய பாடு இருக்கிறதே, அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

“எப்புடிண்ணே, பயமா இருந்திச்சா?”

“இருந்திச்சி. எப்ப முடியுமோன்னு.”

(சிரித்தார்கள். நல்ல பிள்ளைகள்.)

இந்தச் சங்கீதம் எங்கே அகப்பட்டது என்று விசாரித்தேன். இணையத்தில் ‘த்ரில்லர் பிஜிஎம்’ என்று தட்டினால் இலவசமாகவே கொட்டுகிறதாம். வேண்டியமட்டும் இறக்கி, ஒன்றன் வாலில் இன்னொன்றைக் கட்டி, படத்தின் நீளத்துக்கு வந்ததும் வெட்டிவிட்டார்களாம். நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கலாமே என்றேன். அதற்கு இயக்குநர் தம்பி சொன்ன பதில்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

“மியூசிக்க எடுத்தா ஒன்னுமே இல்லண்ணே. மழை பெய்யிறதும் தேயில ஸ்டோரு ஓடுறதும்தான் கேக்குது.”

அட! அதற்காகத்தானே ஊரெல்லாம் ஆள் அலைகிறான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். (முடிவைச் சொல்லமாட்டேன், அடிக்க வருவார்கள்.) ஒரு தோட்டம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு விடியற்காலையில் கணக்கப்பிள்ளை செத்துக் கிடக்கிறார். முதுகில் கவ்வாத்துக் கத்தி. தொழிலாளர் லயத்தில் வீட்டுக்கு வீடு கவ்வாத்துக் கத்தி இருக்கிற ஊரில், கத்தியை வைத்துக்கொண்டு யாரை என்னவென்று சந்தேகிப்பது? அதே நேரத்தில் சற்றுத் தள்ளி ஒரு பெண் பிள்ளை ஆடி எடுத்த ஒரு சின்ன வீடியோவில் கொலைகாரனின் நிழல் விழுந்திருக்கிறது. அதை வைத்துத் துப்புத் துலங்குகிறது. இது பிள்ளைகள் முதலில் எழுதிய கதை.

மாணவர்கள், குற்றப் படம் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னவுடனே தமிழ் ரசிகனுக்கு ஞாபகம் வரவேண்டியது ‘ஊமை விழிகள்’. சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்து வெளிவந்த இளைஞர்கள், ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்க, ரமேஷ்குமார் படம்பிடிக்க, சினிமாஸ்கோப்பில் எடுத்து 1986 ஆகஸ்ட் 15ஆம் திகதி வெளியிட்ட அந்தப் படம், கல்லூரி நாட்களில் அவர்கள் செய்திருந்த ‘மர்டர் எக்கோ’ என்ற குறும்படத்திலிருந்து வளர்ந்தது என்பதை எங்கள் தம்பிமார் அறிந்திருக்கவில்லை. சொன்னவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். (குறும்படம் ஒருநாள் சினிமாஸ்கோப் ஆகும் என்ற ஆசை யாரை விட்டது?) மனோஜ்–கியானும் ஆபாவாணனும் இசையமைத்த அந்தப் படத்தை, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து லயத்து வாசலில் போட்டுப் பார்த்த காலத்தில், இரவில் வரும் அந்தக் குதிரை வண்டியின் குளம்புச் சத்தத்துக்குப் பயந்து வெளிக்குப் போகவே துணை தேடியவர்களில் நானும் ஒருவன். கொட்டகலையில் குதிரை வண்டி ஏது? இருந்தும் பயந்தோம். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் வந்து சேர்ந்துவிடுகிறது. வரப்போவது இன்னதென்று தெரிந்தும், வந்து சேரும் வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். பயம் என்பது அந்த அவகாசத்தில் விளைகிற பதார்த்தம்.

இன்னும் பின்னால் போனால் 1954. ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’. இரண்டாம் உலக யுத்தத்தில் சென்னைமீது ஜப்பான்காரன் குண்டு போட்ட நாட்களில் நடப்பதாகச் சொல்லப்படும் கதை. துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. பாட்டும் கிடையாது, நடனமும் கிடையாது. பத்துப் பதினைந்து பாட்டில்லாமல் படம் பார்த்தறியாத ஜனங்களுக்கு முன்னால் இந்தத் துணிச்சலைச் செய்தவர் சங்கீதம் தெரியாத மனிதரல்ல. வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர். வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவருக்கு, எங்கே அதைக் கீழே வைக்கவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. வசூல் பெரிதாக இல்லை, போகட்டும்.

பிள்ளைகளிடம் நான் வைத்த பிரேரணை இதுதான்: வீடியோவில் விழும் நிழலை எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் ஒரு சத்தத்தை வையுங்கள்.

“என்ன சத்தம்ணே?”

அந்த நேரம் பார்த்து வாசலில் சூன் பாண் வந்தது.

இலங்கைக்கு வெளியே இருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஆட்டோவின் பின்புறம் கண்ணாடி அலுமாரி ஒன்றைக் கட்டி, பாணும் மாலுபாணும் கிம்புலா பனிஸும் அடுக்கிக்கொண்டு, சின்ன ஒலிபெருக்கியில் ஒரு மெட்டை விடாமல் ஒலிக்கவிட்டுத் தெருத்தெருவாகப் போவார்கள். அந்த மெட்டு பீத்தோவன் 1810ஆம் ஆண்டில் பியானோவுக்காக எழுதிய ‘ஃபூர் எலிஸ்’. 1827இல் அவர் காலமாகி நாற்பது வருஷம் கழித்து, 1867இல்தான் அது அச்சேறியது. வியன்னாவில் காது கேளாமற் போய்க்கொண்டிருந்த ஒரு மகாவித்துவான், யாரோ ஒரு பெண்ணை நினைத்து எழுதி வைத்துவிட்டுப் போன அந்தச் சிறு கீதம், பத்தனைச் சந்தியில் சீனி பனிஸ் விற்கும் என்று கனவிலும் கண்டிருப்பாரா?

(ராயல்டி அனுப்பவேண்டிய அவசியமும் இல்லை. மாணவர் படத்துக்கு இதைவிட என்ன சௌகரியம்!)

“சூன் பாணுக்கு யாராச்சும் பயப்படுவாங்களாண்ணே?” என்று கேட்டான் ஒளிப்பதிவுத் தம்பி. நியாயமான கேள்வி. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த ‘எம்’ என்ற படத்தைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். லாங்குக்கு அதுதான் முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவன், கிரீக் என்ற நார்வே தேசத்துச் சங்கீதகர்த்தாவின் மெட்டொன்றைச் சீட்டியடித்துக்கொண்டே திரிகிறான். முகத்தைப் பார்த்திராத ஒரு குருட்டு பலூன் வியாபாரி அந்தச் சீட்டியைக் கொண்டே அவனை அடையாளம் கண்டுவிடுகிறான். நடித்த பீட்டர் லோருக்குச் சீட்டியடிக்க வராததால், லாங்கே அடித்தாராம். அபஸ்வரமாக இருக்கும், அந்த அபஸ்வரந்தான் உயிர். இனிமையான மெட்டைக் கெட்டவன் வாயில் கேட்கும்போது ஏற்படுகிற அருவருப்பை எந்த ‘டொய்ங்’கும் கொடுக்காது.

ஆகவே கதை மாறியது. முதல் தடவை: காலை வேளை, சூன் பாண் வருகிறது, ஒரு வாண்டு காசைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது, பார்க்கிறவன் புன்னகை செய்வான். இரண்டாம் தடவை: ஆடுகிற பிள்ளையின் வீடியோவில், அவள் போட்டிருக்கும் பாட்டுக்கும் பின்னால், எங்கோ தூரத்தில் அதே மெட்டு கேட்கிறது, நடுவிலே சடாரென்று அறுந்துபோகிறது. மலைப் பாதையில் வாழ்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். வண்டி ஒரு திருப்பத்தில் மறைந்தால் மலை சத்தத்தை மறைத்துவிடும். எந்த இடத்தில் நின்றால் எந்தத் திருப்பத்தில் மெட்டு அறும் என்று நடந்து நடந்து கேட்டே வண்டி நின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாம் தடவை இரவு. இரவில் சூன் பாண் வருவதில்லை. ஆனால் யாரோ அதை முணுமுணுக்கிறார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

பதிவு செய்கிற காரியம் அவ்வளவு லகுவாக இல்லை. வண்டிக்காரர் தங்கமான மனிதர், “படத்துல நம்ம வண்டி பேரு வருமா?” என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று பதிந்தால் அது வெறும் பாண் வியாபாரம். எதிர்மலையில் நின்று பதிந்தால்தான் அது சாட்சி. எதிர்மலைக்கு ஏறி, தொலைபேசியை நீட்டிக்கொண்டு நின்றால், கீழே மெட்டைக் கேட்ட ஜனங்கள் உண்மையாகவே பாண் வாங்க வந்து வண்டியை மறித்துக்கொள்கிறார்கள். “மாலுபாண் சூடா இருக்கா?” என்று ஓர் அம்மா கேட்பது பதிவில் துல்லியமாக விழுந்திருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம். எழுதி நடிக்க வைத்தாலும் அப்படி வராது.

தொலைபேசியில் பதிகிறவர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. சத்தம் குறைந்தால் தொலைபேசி தானாகவே காதைத் தீட்டிக்கொள்ளும். யாராவது பேசி நிறுத்தியதும், பின்னாலிருக்கிற ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மெல்ல மெல்ல மேலே எழுந்து வந்து நிற்கும். அடுத்த வசனம் வந்ததும் அடங்கிப் போகும். நிசப்தத்தை நம்பி எடுக்கிற படத்தில் இது பெரிய விபரீதம். அளவைக் கையால் நிறுத்திவைக்க விடுகிற ஒரு பதிவுச் செயலி போட்டுக்கொண்டு, விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில், அமுக்காத கோப்பாகப் பதிவதே உத்தமம். பிறகு ஒவ்வோர் இடத்திலும், எல்லாரையும் வாய் மூடச் சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் வெறுமனே பதியவேண்டும். வசனத்தை வெட்டி ஒட்டும் இடங்களில் விழுகிற பள்ளத்தை நிரப்ப அந்த வெறுமைதான் உதவும். லயத்து வெறுமை வேறு, மடுவத்து வெறுமை வேறு. லயத்தில் பக்கத்துக் காம்பராவின் தொலைக்காட்சி, யாரோ ஒருவரின் இருமல், தகரத்தில் நடக்கிற பூனை, எல்லாம் சேர்ந்ததுதான் நிசப்தம்.

வேறு ஊர்க்காரர்கள் மழைச் சத்தத்தை எப்படி உண்டாக்குவது என்று யோசிப்பார்கள். நாம் எப்படி நிறுத்துவது என்று யோசிக்கிறோம். (வைகாசிக்கு மேல் தகரக் கூரையின் கீழே வசனம் பதிந்தவர் எவரேனும் இருந்தால் அவருக்கு என் நமஸ்காரம்.)

இனி, கொலை.

கத்தி இறங்கும் சத்தத்துக்காக ஹிட்ச்காக் 1960இல் ‘சைக்கோ’ எடுத்தபோது முலாம்பழத்தைக் குத்திப் பதிந்தார்கள் என்பது பிரசித்தம். நம் பிரதேசத்தில் முலாம்பழத்துக்கு எங்கே போவது? மரக்கறி இருக்கிறது, நுவரெலியா மாவட்டத்தில் அதற்குமா பஞ்சம்? முதலில் கோவாவைக் குத்தினோம். ‘கறுக்’ என்று சலாது நறுக்குகிற சத்தம் வந்தது. லீக்ஸ் ஒன்றுக்கும் உதவாமல் வழிந்தது. பூசணி நன்றாகக் கனத்து ஒலித்தாலும், உள்ளே காலியென்று காட்டிக்கொடுத்தது. கடைசியில் ஒளிப்பதிவுத் தம்பி ஒரு கொழுந்துச் சாக்கை நனைத்துப் பிழிந்து, அதைக் கோவாவின்மேல் இறுகச் சுற்றி, கத்தியை ஓங்காமல் மெதுவாக அழுத்தி இறக்கினான். சாக்கின் இழைகள் ஒவ்வொன்றாக அறும் சத்தம். அதன் பின்னே தழைகள் விலகும் ஈரச் சத்தம். முடிவில், தண்டு தடுத்த இடத்தில், ‘டக்’. அறையில் இருந்தவர்கள் யாரும் பேசவில்லை. அடுப்படியிலிருந்து அவன் அம்மாதான் பேசினார்.

“அடேய், கோவா கிலோ என்னா வெலன்னு தெரியுமாடா?”

கொலையுண்ட கோவா அன்று இராத்திரியே பொரியலாயிற்று. நானும் சாப்பிட்டேன்.

இவ்வளவு பாடுபட்டுப் பதிந்த சத்தத்தைப் படத்தில் அரை விநாடிதான் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் வேறொன்று நடக்கிறது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுவதற்காக இராமுழுக்க ஓடுகிற பெரிய காற்றாடிகளின் இரைச்சலை, பக்கத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கேட்பதே இல்லை. அது ஓடிக்கொண்டிருக்கிறது என்ற பிரக்ஞையே அவர்களுக்குக் கிடையாது. ஆனால் நடுச்சாமத்தில் மின்சாரம் போய் அது நின்றால், தூங்குகிற ஆள் விழித்துக்கொள்வார். “என்னா சத்தம்?” என்று கேட்பார். சத்தம் நின்றதைத்தான் சத்தம் என்கிறார்! படத்தின் தொடக்கத்திலிருந்து, வசனத்தின் அடியில், பார்க்கிறவனுக்கே தெரியாமல் அந்தக் காற்றாடியை ஓடவிட்டிருக்கிறோம். மடுவத்தில் கணக்கப்பிள்ளை தனியாக நிற்கும்போது அது நிற்கிறது. மூன்று மூச்சு விடும் நேரம். பிறகு அந்த அரை விநாடி.

‘காட்பாதர்’ (1972) படத்தில் சாப்பாட்டுக் கடையில் சுடப்போகிற மைக்கேலின் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கையில், கண்ணுக்குத் தெரியாத ரயிலொன்றின் கிறீச்சிடும் சத்தத்தை வால்டர் மர்ச் ஏற்றிக்கொண்டே போவார்; சங்கீதமோ சுட்டு முடித்த பிறகே வரும். சிங்கமலை ரயில் சுரங்கத்தின் வாயிலருகே இருக்கிற ஊர்க்காரர்கள்தானே நாங்கள், எங்களுக்கு ரயில் இல்லையா என்று இயக்குநர் தம்பி துடித்தான். இருக்கிறது. ஆனால் சத்தத்தை ஏற்றிக் கொல்வது அவர்கள் வழி. இறக்கிக் கொல்வதற்கு நமக்குத்தான் ஸ்டோர் இருக்கிறது.

அடுத்து, தப்பு.

கொலைகாரன் வரும்போதெல்லாம் தப்பு அடிக்கவேண்டும் என்பது குழுவில் சிலருடைய அபிப்பிராயம். மலையகத்துப் படமென்றால் தப்பு வேண்டாமா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், ஒரு மூலையில் உட்கார்ந்து வசனப் பிரதியைத் திருத்திக்கொண்டிருந்த பெண் பிள்ளை தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“எங்க தாத்தா அடிச்சது அது. கொலகாரனுக்கெல்லாம் போடாதீங்க.”

அதன்பிறகு கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை. அவள் சொன்னது பூராவும் சரி. விடியுமுன்னே வேலைப் பெரட்டுக்கு ஆளை எழுப்பியதும் தப்பு. காமன் கூத்துக்கு ஆடியதும் தப்பு. செத்தவரைச் சுமந்துபோகும்போது கூட நடந்ததும் தப்பு. மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதிய தம் தேயிலைத் தோட்டக் கவிதைகளில் விடியலையே அந்த முழக்கத்தைக் கொண்டுதான் தொடங்குகிறார். அடித்தவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, அடித்த வாத்தியத்தை மட்டும் இழவுக்கும் திருவிழாவுக்கும் வைத்துக்கொண்ட சமூகம் நாம். இப்போது அதைப் பேய்ச் சத்தமாகவும் ஆக்கி, அந்தக் கணக்கையும் அவர்கள் தலையில் ஏற்றவேண்டுமா? ஊர்ப் பெயரைக் கேட்டவுடனே தப்பைத் தூக்குகிற பழக்கமும் எனக்கு உவப்பானதல்ல.

ஆகையால் தப்பு செத்தவருக்குப் போயிற்று. கணக்கப்பிள்ளையின் வீட்டை, அவருடைய பிள்ளைகளை, காட்டுகிற இடங்களில் மட்டும். அடித்துக் கொடுக்க வந்த பெரியவர், கொட்டகலைக் குளிரில் தோல் தொய்ந்துபோகும் என்று சொல்லி, வாசலில் கவ்வாத்து மிலாறு கொளுத்திக் காய்ச்சினார். காய்ந்த தப்பு கணீரென்று பேசும்; ஈரக் காற்றில் வைத்திருக்க வைத்திருக்க, சுருதி இறங்கி இறங்கிக் கடைசியில் ‘பொத்’தென்று ஆகிவிடும். “காச்சிட்டு அடிக்கட்டுமா தம்பி?” என்று நடுவில் கேட்டார். வேண்டாம் ஐயா, இறங்கட்டும் என்றேன். விரலால் மட்டும் தட்டச் சொல்லி, சுருதி இறங்குவதை முழுசாகப் பதிந்துகொண்டோம். படத்தில் முக்காலே மூன்று வீசம் சங்கீதம் அதுதான். மிச்சம், கூத்துக்காரர் ஒருவரின் காற்று ஒழுகும் பழைய ஆர்மோனியம். சுரத்தை அமுக்காமல் துருத்தியை மட்டும் இழுத்தால் அது மூச்சு வாங்குகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பிள்ளைகள் என்னை மடக்கினார்கள். ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலைக்குச் சங்கீதமே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னாராம். இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் அதைக் கேட்காமல் நரம்பு வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக்கொண்டுவந்து போட்டுக்காட்ட, ஹிட்ச்காக் மனம் மாறினாராம். “அப்ப மியூசிக் வேணும்தானேண்ணே?” என்று கேட்கிறார்கள்! படித்துவிட்டு வந்திருக்கிறார்கள், பாவிகள். வேண்டும்தான். அதே இருவரும் சேர்ந்த ‘பேர்ட்ஸ்’ (1963) படத்தில் பின்னணிச் சங்கீதமே கிடையாது, மின்வாத்தியத்தில் செய்த பறவைச் சத்தங்கள்தான் என்று சொல்லித் தப்பித்தேன். ஹெர்மனைப்போல எழுதிக்கொண்டு வா, போடுகிறேன் என்றும் சொன்னேன். தமிழிலே கேட்கவேண்டுமானால் 2013இல் மிஷ்கின் எடுத்த ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ கேளுங்கள். பாட்டு ஒன்றும் இல்லாமல் இளையராஜா எங்கே வருகிறார், எங்கே ஒதுங்கி நிற்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே போதும். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அந்த வித்தை சுலபம். படம் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்கள், வசனத்தையும் கதவுச் சத்தத்தையும் கொண்டே முழுப்படத்தையும் மனத்திலே ஓட்டிப் பார்த்தோம். இலங்கை வானொலி நாடகங்களும் அப்படித்தான். மரிக்கார் ராம்தாஸின் வானொலித் தொடர் ஒன்று, ‘கோமாளிகள்’ என்று 1976இல் திரைப்படமாகவே ஆனது.

தொழில் விஷயம் ஒன்று பாக்கி. இந்தப் படத்தை ஜனங்கள் எதில் பார்ப்பார்கள்? கைத்தொலைபேசியில். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் எட்டாது. இணையத்தில் இறக்கிய பயங்கரச் சங்கீதத்தின் அடிவயிற்று ‘டூம்’ எல்லாம் அங்கே காற்றோடு போய்விடும். மேல்ஸ்தாயி கிறீச்சு மட்டும் மிஞ்சும். காற்றாடியின் அடிநாதமும் போகத்தான் போயிற்று. அதனால் அதன் மேற்பகுதி இரைச்சலைச் சற்றுத் தூக்கி, தொலைபேசி, ஆட்டோவில் இருக்கிற ஒலிபெருக்கி, ஒரு தெரிந்த வீட்டுத் தொலைக்காட்சி என்று மூன்றிலும் போட்டுக் கேட்டுக் கேட்டு அளவு பார்த்தோம். பீத்தோவனுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. எந்த ஓட்டை ஒலிபெருக்கியிலும் அவர் தெளிவாகக் கேட்பார். அதில்தானே நாள்தோறும் வருகிறார்.

படம் இன்னும் முடியவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஒரு பாட்டு வேண்டும் என்று பாதிப் பேரும், மழை மட்டும் போதும் என்று மீதிப் பேரும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அதில் வாக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மடுவத்தில் இரண்டு வசனம் மறுபடி பதியவேண்டும். காற்றுக்கு மைக் ஊளையிடுகிறது. கடையில் விற்கிற உரோமக் காற்றுறை யாரிடமாவது சும்மா கிடந்தால், ஒரு கிழமைக்கு இரவல் தாருங்கள். இப்போதைக்கு இயக்குநர் தம்பியின் கம்பளித் தொப்பியைக் கழற்றித்தான் தொலைபேசிக்கு மாட்டியிருக்கிறோம். பதிவு நன்றாக வருகிறது. அவனுக்குத்தான் தடிமன் பிடித்துவிட்டது. தும்மல் எல்லாப் பதிவிலும் இருக்கிறது.